புகைபோக்கி நின்ற மனை

மேக்கன் நகரைத் தாண்டித் தெற்கே இறங்கியதும் கண்ணோரம் பூச்சி மொய்க்கத் தொடங்கும். கடிக்காது. எள்ளில் பாதிகூட இருக்காது. ஆனால் கண்ணின் ஈரத்துக்கும் வாயின் ஈரத்துக்கும் விடாமல் வந்து விழும். கொலம்பஸ், மேக்கன், அகஸ்டா என்ற மூன்று ஊர்களையும் சேர்த்து ஜார்ஜியா மாநிலத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தால், வடக்கே களிமண் மேடு, தெற்கே எப்போதோ கடல் விட்டுப்போன மணல் சமவெளி. 'நாட்' என்ற இந்தப் பூச்சிக்கு மணல்தான் வீடு. கோட்டுக்கு வடக்கே அவ்வளவாக வராது. தெற்கத்திக்காரர்கள் பேச்சை நிறுத்தாமலே உதட்டோரத்தால் 'ஃபூ' என்று ஊதி அதை விரட்டுவார்கள். கார்டீலில் பெட்ரோல் போட இறங்கியதும் அக்கா செய்த முதல் வேலை அதுதான். ஊதிவிட்டு, "இப்பதான் தம்பி ஊருக்குள்ள வந்திருக்கோம்" என்றார்.

அட்லாண்டாவில் என் மகன் குடியிருக்கும் தெருவில் அடுத்த வீடு அவருடையது. கறுப்பினப் பெண்மணி, எழுபது தாண்டியவர், ஓய்வுபெற்ற நர்ஸ். முதல் வாரத்திலேயே எனக்கு அவர் அக்கா ஆகிவிட்டார். பிறந்தது ஜார்ஜியாவின் தென்மேற்கு மூலையில், ஸ்டீவர்ட் கவுண்டியில். பள்ளியில் சேரும் வயதில் அப்பாவும் அம்மாவும் டெட்ராய்ட்டுக்கு ரயிலேற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். 1910-க்கும் 1970-க்கும் இடையில் ஏறக்குறைய 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வடக்குக்கும் மேற்குக்கும் போனார்கள். பருத்திக்காட்டுக் கூலியும், வாரச் சாகுபடிக் கடனும், எந்நேரமும் உயிருக்கு உத்தரவாதமில்லாத பயமும் ஒருபக்கம் தள்ள, தொழிற்சாலைச் சம்பளம் இன்னொரு பக்கம் இழுத்தது. அந்தக் கூட்டத்தில் அக்காவின் குடும்பமும் ஒன்று. வேலை ஓய்ந்ததும் குளிர் பொறுக்காமல் தெற்கே திரும்பிவிட்டார். அப்படித் திரும்புகிறவர்கள் இப்போது நிறைய.

ஆகஸ்ட் மாதத்தில் அவர்கள் ஊர்ச் சர்ச்சில் 'ஹோம்கமிங்' ஞாயிறு. எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் பிள்ளைகளெல்லாம் அன்றைக்கு வந்து சேரவேண்டும். "மல்லாட்டைக் காடு பாக்கணும்னியே, வா" என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். நான் விழுப்புரம் பக்கத்துக்காரன். கடலைக் கொடியோடு வளர்ந்தவன் வேண்டாம் என்று சொல்வேனா?

அமெரிக்காவில் விளையும் நிலக்கடலையில் ஏறக்குறைய பாதி ஜார்ஜியாவில் விளைகிறது. கார்டீலிலிருந்து 280-ம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே திரும்பியதும் இருபுறமும் அதுதான். சாலுக்குச் சால் நூல் பிடித்த மாதிரி நேராக, பச்சைப் பாயாக, ஒரு வயலின் கோடி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. காரை ஓரங்கட்டச் சொல்லி ஒரு செடியைத் தூக்கிப் பார்த்தேன். விழுது இறங்கிக் காய் பிடித்திருந்தது. செப்டம்பரில் இயந்திரம் வந்து செடியை வேரோடு பிடுங்கி, அப்படியே தலைகீழாகப் புரட்டி, காய் வானத்தைப் பார்க்கும்படி போட்டுவிட்டுப் போகும். சில நாள் வெயிலில் காய்ந்தபின் இன்னொரு இயந்திரம் வந்து காயைப் பிரித்தெடுக்கும். எங்கள் ஊரில் பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கதை பேசிக்கொண்டே ஆய்கிற வேலை அது. இந்த வயலில் கண்ணுக்கெட்டிய தூரம் ஓர் ஆள் இல்லை.

கடலை இங்கே ராஜாவானதற்குக் காரணம் ஒரு வண்டு. பருத்திக் காயைத் துளைக்கும் கூன்வண்டு மெக்சிகோ பக்கமிருந்து கிளம்பி, 1915 வாக்கில் ஜார்ஜியாவுக்கு வந்து சேர்ந்தது. அதுவரை இந்த மண்ணில் பருத்தியைத் தவிர வேறு பேச்சில்லை. வண்டு வந்தபின் விவசாயிகள் கடலைக்கு மாறினார்கள். பக்கத்து மாநிலமான அலபாமாவில் என்டர்பிரைஸ் என்ற ஊர்க்காரர்கள், பருத்தியை ஒழித்துக் கடலையைக் கொண்டுவந்ததற்கு நன்றியாக அந்த வண்டுக்கே 1919-ல் நடுத்தெருவில் நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். நம் ஊரில் பூச்சிமருந்துக் கடைக்காரர்தான் அதற்குச் சிலை வைப்பார்.

அமெரிக்கஸ் என்ற ஊரைத் தாண்டினால் பிளெயின்ஸ். ஜிம்மி கார்ட்டரின் ஊர். 600 பேர்கூட இல்லாத இந்த இடத்திலிருந்து ஒருவர் கிளம்பி அமெரிக்காவின் 39-வது ஜனாதிபதியானார் என்பதை, அந்த ஒற்றை வரிசைக் கடைகளைப் பார்த்துக்கொண்டு நம்புவது கஷ்டம். 1888-ல் கட்டிய சின்ன ரயில் நிலையம்தான் 1976-ல் அவருடைய தேர்தல் அலுவலகம். வடக்கே ஒரு கடையோரம் 13 அடி உயரத்தில் ஒரு கடலை நிற்கிறது. வாயைத் திறந்து, கார்ட்டரின் பல்வரிசையோடு சிரிக்கிறது. தேர்தல் சமயத்தில் இந்தியானா மாநிலத்துக் கட்சிக்காரர்கள் செய்தது. ஜனாதிபதி வேட்பாளருக்குப் பக்கத்தில் வைக்கும் பொருளாயிற்றே, உள்ளே என்ன இருக்கிறதோ என்று பாதுகாப்புப் படையினர் முதுகுப்பக்கம் ஓட்டை போட்டுப் பார்த்தார்களாம். அழகில் எனக்கு அது தேறவில்லை. ஆனாலும் எல்லோரையும்போல் அதனருகில் நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

கடைத்தெருவில் அவித்த கடலை கிடைக்கிறது. பச்சைக் காயை உப்புநீரில் மணிக்கணக்காக வேகவைத்து, தண்ணீர் சொட்டச் சொட்டக் காகிதக் கோப்பையில் தருகிறார்கள். வடமாநிலத்து அமெரிக்கர்கள் பலர் இதைப் பார்த்தாலே முகம் சுளிப்பார்கள். டெட்ராய்ட்டில் அக்காவின் வகுப்புத் தோழிகளும் அப்படித்தான் சுளித்தார்களாம். நான் முதல் காயை உடைத்து உள்ளிருந்த உப்புத் தண்ணீரை உறிஞ்சியதும், அக்கா ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார்.

பிளெயின்ஸுக்கு மேற்கே இரண்டரை மைல் போனால் ஆர்ச்சரி. கார்ட்டருக்கு நான்கு வயதானபோது, 1928-ல், அவர் குடும்பம் இந்தப் பண்ணைக்கு வந்தது. இப்போது தேசியப் பூங்காத் துறை பராமரிக்கிறது. மின்சாரம் வருவதற்கு முந்தைய, 1938-க்கு முற்பட்ட கோலத்துக்கு வீட்டைத் திருப்பியிருக்கிறார்கள். மரப்பலகை வீடு, முன்னால் திண்ணை, பக்கத்தில் பண்ணைக் கடை, கொல்லன் பட்டறை, கோவேறு கழுதைக் கொட்டில். 1935-ல் அப்பா காற்றாலை நிறுத்தும்வரை வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் கிடையாது. குழாய் வந்தபின் குளியலுக்கு ஒரு தகர வாளியின் அடியில் ஓட்டைகள் போட்டு மேலே தொங்கவிட்டார்கள். அந்த வாளி இன்னும் தொங்குகிறது. ஆங்காங்கே பொத்தான் வைத்திருக்கிறார்கள். அழுத்தினால் கார்ட்டரின் குரலே கதை சொல்கிறது.

ஐந்தாறு வயதில் அவர் இந்தக் காட்டில் கடலை பிடுங்கி, கழுவி, இரவெல்லாம் ஊறவைத்து, விடியலில் அவித்து, பொட்டலம் கட்டி பிளெயின்ஸுக்கு நடந்துபோய் விற்றிருக்கிறார். ஒரு பொட்டலம் 5 சென்ட். சேர்ந்த காசில், பருத்தி பவுண்டு 5 சென்டுக்கு விழுந்த காலத்தில் ஐந்து பேல் வாங்கிப் பதுக்கி, விலை ஏறியதும் விற்று, கூலிக்காரர்கள் குடியிருந்த ஐந்து வீடுகளை வாங்கி வாடகைக்கு விட்டார். அப்போது இன்னும் சிறுவன். அவர் எழுதியதில் எனக்குப் பிடித்தது வேறு ஒரு வேலையின் விவரம். வண்டைக் கொல்ல ஆர்செனிக் விஷத்தைக் கரும்புப் பாகிலும் தண்ணீரிலும் கலந்து, குச்சியில் கட்டிய துணியை அதில் முக்கி, ஒவ்வொரு பருத்திக் குருத்திலும் தடவவேண்டும். அந்தப் பாகு கால்சட்டையில் வழிந்து காய்ந்து, இரவில் கழற்றினால் கால்சட்டை மடங்காமல் தானே நிற்குமாம். ஈ மொய்க்கும். மறுநாளும் அதையேதான் போடவேண்டும்.

வாசலில் புல் இல்லை. வெறும் மணல், விளக்குமாற்றுக் கோடுகள் தெரியப் பெருக்கியிருக்கிறது. அமெரிக்கா முழுக்கப் புல்தரையை வெட்டி வெட்டிச் சாகிறார்களே, இங்கே மட்டும் எப்படி என்று கேட்டேன். பழைய தெற்கில், கறுப்பர் வீடானாலும் வெள்ளையர் வீடானாலும், வாசலில் புல் முளைத்தால் அந்த வீட்டுப் பெண்ணைச் சோம்பேறி என்பார்களாம். பாம்பு வந்தால் தெரியவேண்டும், தீ பரவக்கூடாது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த வழக்கம் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். மெல்லிய செடிக்குச்சிகளைக் கட்டிய விளக்குமாற்றால் சனிக்கிழமைதோறும் பெருக்குவது அக்காவின் பாட்டி வீட்டில் பெண்பிள்ளைகளின் வேலை. "கோடு வளைஞ்சிருந்தா மறுபடி பெருக்கணும்" என்றார்.

பெரிய வீட்டுக்குள் அக்கா அதிக நேரம் நிற்கவில்லை. நேராக கிளார்க் தம்பதியின் வீட்டுக்குப் போனார். ஜாக் கிளார்க் பண்ணையின் மேற்பார்வை ஆள். விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து பண்ணை மணியை அடிப்பது அவர்தான். மணி கேட்டால் எல்லோரும் எழுந்து கழுதைகளைப் பூட்டவேண்டும். அவர் மனைவி ரேச்சல்தான் சிறுவன் ஜிம்மிக்கு மீன்பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். அப்பாவும் அம்மாவும் ஊரில் இல்லாத இரவுகளில் அவன் தூங்கியது அந்த வீட்டுத் தரையில். அக்கா வாசற்படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். "எங்க வீடு இதைவிடச் சின்னது. சுவத்துல பலகை இடுக்கு வழியா காத்து வரும். செய்தித்தாளை மாவுப்பசை போட்டு ஒட்டுவாங்க. நான் எழுத்துக்கூட்டிப் படிச்சது அந்தச் சுவத்துலதான்."

ஆர்ச்சரியில் அன்று பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்கள். ஊரின் பெரிய மனிதரும் கார்ட்டரின் அப்பா இல்லை. ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபையின் பிஷப் வில்லியம் டெக்கர் ஜான்சன், 1912-ல் இங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்காகப் பள்ளி நிறுவியவர். ஆனால் பிஷப்பானாலும் வெள்ளையர் வீட்டு முன்வாசல் வழியாக வரக்கூடாத காலம்.

1938 ஜூனில் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸும் ஜெர்மானியர் மாக்ஸ் ஷ்மெலிங்கும் மோதிய இரவைக் கார்ட்டர் தன் நினைவுநூலில் எழுதியிருக்கிறார். பண்ணையாட்கள் வந்து, நாங்களும் ரேடியோ கேட்கலாமா என்று அப்பாவிடம் கேட்டார்கள். ரேடியோவை ஜன்னலோரம் வைத்தார்கள். ஆட்கள் வெளியே மரத்தடியில் நின்றார்கள். முதல் சுற்றிலேயே கறுப்பரான லூயிஸ் வெள்ளையரை வீழ்த்திவிட்டார். ஒரு சத்தமில்லை. "நன்றி ஐயா" என்று சொல்லிவிட்டு எல்லோரும் ரயில் பாதையைத் தாண்டி நடந்தார்கள். அந்தப் பக்கத்து வீடொன்றில் நுழைந்து கதவைச் சாத்தியபிறகுதான் கூச்சல் வெடித்தது. அந்தத் தண்டவாளம் வீட்டுக்கு எதிரிலேயே கிடக்கிறது. இப்போது சுற்றுலா ரயில் ஓடுகிறது. திண்ணையிலிருந்து தண்டவாளம்வரை நடந்து பார்த்தேன். அத்தனை பேர் அத்தனை தூரம் வாயை மூடிக்கொண்டு நடக்க முடிந்திருக்கிறது.

கார்ட்டர் 2024 டிசம்பர் 29 அன்று, 100 வயதில் மறைந்தார். அடுத்த வாரம் உடலைக் கொண்டுசென்ற வண்டி இந்தப் பண்ணை முன் நின்றது. பூங்கா ஊழியர்கள் வரிசையாக நின்று பண்ணை மணியை 39 முறை அடித்தார்கள். 39-வது ஜனாதிபதி என்பதற்காக. தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது அக்கா அழுதாராம். "கார்ட்டர் நல்ல மனுஷன். ஆனா நான் அழுதது மணிக்காக. எங்க பக்கத்து மணி எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போச்சோ."

பிரெஸ்டன், ரிச்லண்ட் வழியாக ஸ்டீவர்ட் கவுண்டிக்குள் நுழைந்தால் கடலைக்காடு குறைந்து பைன் மரங்கள் தொடங்கிவிடுகின்றன. 1900-ல் 15,000 பேருக்கு மேல் வாழ்ந்த கவுண்டி. இப்போது 5,000 சொச்சம். பருத்தி போட்ட நிலத்தில் மரம் நட்டுவிட்டு மனிதர்கள் போய்விட்டார்கள். லம்ப்கின் ஊருக்கு மேற்கே பிராவிடன்ஸ் பள்ளத்தாக்கு இருக்கிறது. வழியோடு வழியாகப் பார்த்துவிடலாம் என்று போனது, அரை நாளைத் தின்றுவிட்டது.

இயற்கை அதிசயம் என்று விளம்பரப்படுத்துகிறார்கள். எனக்கு அது ஒரு வாக்குமூலமாகத்தான் தெரிந்தது. 1820-களுக்குப் பிறகு வந்த குடியேறிகள் காட்டை மொட்டையடித்து, சரிவிலேயே உழுது பருத்தி போட்டார்கள். வரப்பில்லை, குறுக்கு உழவில்லை. மழைநீர் சால் வழியாகவே ஓடி, 1850 வாக்கிலேயே ஆள் இடுப்பளவு வாய்க்கால்கள் அரித்துவிட்டன. மேல் செம்மண் போனதும் கீழே பொலபொலவென்ற மணல். அதற்கப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. இன்றைக்கு ஆழம் 150 அடி. சிவப்பு, ஆரஞ்சு, ரோஜா, வெள்ளை, ஊதா என்று அடுக்கடுக்காக மண். பக்கத்திலிருந்த சர்ச்சைப் பள்ளம் விழுங்கிவிட, 1859-ல் சாலைக்கு எதிர்ப்புறம் வேறு கட்டினார்கள். விளிம்பிலிருந்து பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. சில தலைமுறைகளுக்குள் இத்தனை மண்ணை ஆற்றில் விட்டவர்களின் கணக்கு என்று நினைத்தால் வயிறு கலங்கும்.

விளிம்புப் பாதையில் மரங்களுக்கிடையே பத்துப் பன்னிரண்டு பழைய கார்கள் துருவேறிக் கிடக்கின்றன, பெரும்பாலும் 1950-களின் மாதிரிகள். ஒரு குடும்பம் அங்கே வாழ்ந்திருக்கிறது. 1971-ல் நிலம் மாநிலப் பூங்காவானது. கார்களை இழுத்தால் மரங்களும் சரிவும் கெடும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். ஒரு கார் கதவு வழியாகப் புகுந்த மரம் கூரைவழியாக வெளியே வந்திருந்தது. வீடு போய், வாசல் போய், வீட்டுக்காரன் ஓட்டாமல் போட்ட வண்டிதான் இது அவன் மனை என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

அக்காவின் தாத்தா வாரத்துக்கு உழுதவர். கடைசியில் எப்படியோ 40 ஏக்கர் சொந்தமாக வாங்கினார். அந்த இடத்துக்குச் சாலை கிடையாது. பைன் தோப்புக்கு நடுவே டிராக்டர் தடம். குட்ஸு கொடி மின்கம்பம் உட்பட எல்லாவற்றையும் போர்த்தியிருந்தது. ஜப்பானிலிருந்து வந்த கொடி, மண்ணரிப்பைத் தடுக்கிறோம் என்று 1930-களில் அரசாங்கமே கொடுத்து நடச் சொன்னது. மண்ணைப் பிடித்ததோ இல்லையோ, ஊரைப் பிடித்துக்கொண்டது.

"சைனாபெரி தெரியுதா பாரு" என்றார் அக்கா. எனக்குத் தெரிந்தது. இலையைப் பார்த்ததும் வேம்பின் சொந்தக்காரன் என்று சொல்லிவிட்டேன். நம் பக்கத்திலிருந்துதான் அமெரிக்கா போன மரம். நிழலுக்காகத் தெற்கத்தி வாசல்களில் நட்டார்கள். காட்டுக்குள் அது நின்றால் அங்கே ஒரு வீடு இருந்தது என்று அர்த்தம். பைன்களுக்கு நடுவே அந்த ஒற்றை மரமும், பூத்துக் கிடந்த கிரேப் மிர்ட்டில் புதரும், பிறகு செங்கல் புகைபோக்கியும். வீடு எரிந்தாலும் உளுத்தாலும் கடைசிவரை நிற்பது புகைபோக்கிதான். அடுப்பு வாயில் சாம்பல் இல்லை, பாம்புச் சட்டை இருந்தது. மூலைக்கு ஒன்றாக வீட்டைத் தாங்கிய கற்கள். அக்கா கல்லுக்குக் கல் கால் வைத்து அளந்து, "இது பாட்டி கட்டில், இது நாங்க அஞ்சு பேரு, இது அடுக்களை" என்று காட்டினார். எல்லாம் சேர்த்து என் மகன் வீட்டுக் கார் ஷெட் அளவு வரும். பிப்ரவரியில் வந்தால் பாட்டி நட்ட டாஃபடில் வரிசையாகப் பூத்து, வாசலுக்கு வரும் நடைபாதை எது என்று காட்டுமாம்.

அவருக்கு முன்னாலேயே சொந்தங்கள் நாலைந்து பேர் வந்து நின்றிருந்தார்கள். கிணறு எங்கே என்று சண்டை. புகைபோக்கிக்குக் கிழக்கே என்று ஒருவர், மரத்துக்கும் பன்றிக் கொட்டிலுக்கும் நடுவே என்று இன்னொருவர். யாரோ எப்போதோ தகரம் போட்டு மூடிய கிணறு. தகரம் துருவேறி இற்றிருக்கும். அதனால் எல்லோரும் நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டிப் பேசினார்கள், யாரும் நடந்து காட்டவில்லை.

ஆர்ச்சரிக்கு ஜனாதிபதி வாய்த்தார், அரசாங்கம் வாளியைக்கூடத் தொங்கவிட்டுக் காக்கிறது. இந்த 40 ஏக்கருக்கு வாய்த்தது வாரிசுத் தகராறு. தாத்தா உயில் எழுதவில்லை. வெள்ளைக்கார வக்கீலையும் கோர்ட்டையும் அவர் நம்பவில்லை, நம்புவதற்குக் காரணமும் இல்லை. நிலம் பிள்ளைகளுக்கு, பேரப்பிள்ளைகளுக்கு என்று பிரியாமலே இறங்கி, இப்போது அறுபது பேருக்கு மேல் பங்கு. நம்முடைய கூட்டுப் பட்டா விவகாரம்தான். ஒருவர் பங்கைத் தரகர் வாங்கினால் போதும், பாகப்பிரிவினை வழக்குப் போட்டு முழு நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவரலாம். தெற்கில் கறுப்பின விவசாயிகளின் நிலம் இப்படியே எத்தனையோ கைமாறியது. 1910 வாக்கில் சுமார் 1.5 கோடி ஏக்கர் அவர்கள் கையில் இருந்தது, அதில் பெரும்பகுதி போய்விட்டது. தெளிவான பத்திரம் இல்லாவிட்டால் விவசாயக் கடன் சுலபத்தில் கிடைக்காது, முன்பெல்லாம் புயல் நிவாரணமும் கிடைக்காமல் போனது. ஜார்ஜியா 2012-ல் சட்டத்தைத் திருத்தியது. வழக்கு வந்தால் நிலத்துக்குச் சந்தை மதிப்புப் போடவேண்டும், மற்றப் பங்காளிகள் வாங்கிக்கொள்ள முதல் வாய்ப்புத் தரவேண்டும். ஆனால் வாங்கக் காசு வேண்டுமே.

சர்ச் வெள்ளையடித்த சிறு கட்டடம். ஞாயிறு ஆராதனை முடிய மதியம் தாண்டிவிட்டது. பின்னால் கல்லறைத் தோட்டத்தில் பாதிக் கல்லறைகளுக்குப் பெயரில்லை, வெறும் காட்டுக்கல். சிமென்ட் ஈரமாக இருக்கும்போதே விரலால் எழுதிய பெயர்களும் உண்டு. சிலவற்றில் எழுத்து இடம் போதாமல் அடுத்த வரிக்கு மடங்கியிருந்தது. மரத்தடியில் நீள மேசைகள் போட்டுச் சாப்பாடு. பொரித்த கோழி, காலர்ட் கீரை, பட்டாணி வகைகள், சோள ரொட்டி, சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பை. நான் கொண்டுபோன எலுமிச்சை சாதத்தைச் சந்தேகத்தோடு தொட்டவர்கள், அதில் கடலை இருப்பதைக் கண்டதும் இரண்டாம் முறை வந்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பின் அக்காவின் பெரியப்பா மகன், எண்பது வயதுக்காரர், ரப்பர் பேண்ட் சுற்றிய ஒரு நோட்டை எடுத்தார். நிலவரிக் கணக்கு. யார் கட்டினார்கள், யார் பாக்கி என்று பெயர் சொல்லிப் படித்தார். டெட்ராய்ட் கிளை கட்டிவிட்டது. சிகாகோக்காரர் ஒருவர் அங்கேயே போனில் அனுப்பினார். கிளீவ்லண்ட் கிளை மூன்று வருஷமாகப் பாக்கி, அந்தக் கிளையின் பெண் ஒருத்தி தட்டோடு எழுந்து வேறு மேசைக்குப் போனாள். பைன் மரத்தை வெட்டி விற்றால் பத்து வருஷ வரிக்குக் காணும் என்றான் ஓர் இளைஞன். மரத்தை விற்றால் லாரிக்குப் பாதை போடுவான், பாதை போட்டால் தரகன் வருவான் என்றார் ஒரு மூதாட்டி. சர்வேயரைக் கூப்பிட்டு எல்லை அளந்துவிடலாம், அதற்குத் தலைக்கு இவ்வளவு என்று நோட்டுக்காரர் தொகை சொன்னார்.

"நான் வரிக்குத் தரேன், சர்வேயருக்குத் தரமாட்டேன்" என்றார் அக்கா. "ஏன்?" "முதல்ல கிணத்தைக் கண்டுபிடிச்சு மூடுங்க. அளக்க வர்றவன் விழுந்து செத்தான்னா அறுபது பேரும் கோர்ட்டுக்குப் போகணும்."

நோட்டுக்காரர் பேனா மூடியைக் கழற்றி, வரவுப் பக்கத்தில் அக்காவின் பெயருக்கு நேராக அதையும் எழுதிக்கொண்டார்.